செத்தவர் வீட்டுக்கு விலை கேட்டுப் போனேன்

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கி விற்கச் சொல்லித்தரும் யூடியூப் குருக்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: 'ப்ரோபேட்' வீடுகளைத் தேடு. வீட்டுக்காரர் இறந்து, சொத்து வாரிசுகளுக்குப் போய்ச் சேர கோர்ட்டில் மனு நடந்துகொண்டிருக்கும் வீடு அது. ஆபீஸில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பிய நேரம். சம்பளத்தை மட்டும் நம்பக்கூடாதுன்னு நானும் இறங்கினேன்.

தேடுவதில் கஷ்டமே இல்லை. மனு போட்டால் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தாக வேண்டும். மனு பொது ஆவணம். வாரிசுகளின் பெயர், முகவரி எல்லாம் அதிலேயே இருக்கும். கம்ப்யூட்டர்காரன் சும்மா இருப்பேனா? பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, 60 பேருக்குக் கடிதம் போட்டேன். 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். வீட்டை இருக்கிறபடியே ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளத் தயார்.'

ஒரே ஒரு போன் வந்தது. ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் ஒரு பெண்மணி.

"இந்த மாதிரி 14 லெட்டர் வந்திருக்கு. அம்மாவோட செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு. என் அட்ரஸ் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, எவ்வளவு தருவீங்க?"

என் கணக்குப்படி, சந்தை விலையில் 70 சதவீதம். சொன்னேன். "எப்ப முடிக்கலாம்?" என்றார். பேரம் பேசவே இல்லை.

அவர் அவசரம் எனக்குத் தெரியும். இங்கே 1978-ல் வந்த 'ப்ராப் 13' சட்டப்படி, சொத்து வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பெற்றோரின் அந்தப் பழைய மதிப்பு பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. 2021 பிப்ரவரி 16-க்குப் பிறகு, 'ப்ராப் 19' வந்து அதை மாற்றிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் பிள்ளை அந்த வீட்டில் குடியேறினால்தான் சலுகை. அதற்கும் வரம்பு உண்டு. வெளியூர்ப் பிள்ளை வேறென்ன செய்வார், விற்கத்தான் பார்ப்பார்.

அன்று ராத்திரி கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "உங்க தாத்தா செத்த பத்தாம் நாள் ஒரு புரோக்கர் வந்து வீட்டுக்கு விலை கேட்டான், ஞாபகம் இருக்கா?" என்றாள். அவனை எங்கள் வீட்டில் இன்றைக்கும் திட்டுகிறார்கள்.

மறுநாள் அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டு, ஒரு ஏஜென்ட்டை வைத்து விலை பார்க்கச் சொன்னேன். பின்னால் இணையத்தில் பார்த்தேன். நான் சொன்னதைவிட 2 லட்சத்து 60 ஆயிரம் டாலர் அதிகத்துக்குப் போயிருந்தது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய்.

அப்புறம் கோர்ட் வழியாகவே போய்ப் பார்த்தேன். எஸ்டேட் நிர்வாகிக்கு முழு அதிகாரம் இல்லாவிட்டால் விற்பனையை நீதிபதி உறுதி செய்ய வேண்டும். விலை, மதிப்பீட்டாளர் போட்டதில் 90 சதவீதமாவது இருக்கணும். ஹேவர்டில் கூரை ஒழுகும் ஒரு பழைய வீட்டுக்கு 8 லட்சம் கேட்டு, நிர்வாகி சம்மதித்துவிட்டார். ஆனால் விசாரணை நாளில் யாரும் கையைத் தூக்கலாம். முதல் போட்டி விலைக்குச் சட்டத்திலேயே கணக்கு இருக்கு: முதல் 10,000-க்கு 10 சதவீதம், மீதிக்கு 5 சதவீதம் கூட்ட வேண்டும். ஆக 8,40,500. ஒருவர் தூக்கினார். நான் 8,70,000 வரை போனேன். 9,05,000-க்கு வீடு அவருக்குப் போனது. விற்ற பணம் வாரிசுகளுக்கு.

வீடு கிடைக்கலை. ஆனால் கோர்ட் கோப்புகளைப் புரட்டியதில் ஒரு கணக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 15 லட்சம் டாலர் வீடு ஒன்று ப்ரோபேட்டுக்குப் போனால், வக்கீலின் சட்டப்படியான கட்டணம் மட்டும் 28,000 டாலர். நிர்வாகியும் அதே தொகையைக் கேட்கலாம். வீட்டுக் கடனைக் கழிக்க மாட்டார்கள். மொத்த மதிப்புக்குத்தான் கணக்கு. வீட்டை 'லிவிங் டிரஸ்ட்'டில் மாற்றி எழுதி வைத்திருந்தால் இந்தப் பாதையே வேண்டாம்.

போன தீபாவளிக்கு ஃப்ரீமான்ட்டில் கூடிய எட்டுத் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டேன். எல்லாருக்கும் சொந்த வீடு. டிரஸ்ட் எழுதியவர்கள் இரண்டு பேர். "நல்ல நாள்ல என்ன பேச்சு இது" என்றார் ஒரு அக்கா.

அந்த எட்டில் எங்கள் வீடும் ஒன்று. மகளுக்கு ஏழு வயசு. அடுத்த வியாழன் வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.