மினிடிவி கேசட்டைக் கணினியில் ஏற்றுவது

கல்யாணம், காதுகுத்து, குழந்தையின் முதல் நடை என்று 2000களில் கேம்கார்டரில் எடுத்த பலவும் இன்னும் மினிடிவி (MiniDV) கேசட்டுகளில்தான் இருக்கின்றன. நாடா என்றாலே அனலாக் என்று பலர் நினைக்கிறார்கள். 1995இல் வந்த இந்தக் கேசட் அப்படியல்ல. 6.35 மில்லிமீட்டர் அகல நாடாவில் பதிந்திருப்பது எண்களே. நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும் சிறு உருளையிலுள்ள காந்த முனைகள் அவற்றைச் சாய்வான தடங்களாக எழுதுகின்றன. நம் நாட்டின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு ஃபிரேமுக்கு 12 தடங்கள். எடுத்த தேதியும் நேரமும்கூடப் படத்தோடு சேர்ந்தே பதிவாகின்றன.

ஆகவே கணினிக்கு மாற்றுவது வெறும் நகலெடுப்புதான்; தரம் துளியும் குறையத் தேவையில்லை. ஆனால் அதற்கு ஃபயர்வயர் கேபிள் வேண்டும். சோனி கேமராக்களில் அதைச் செருகும் துளைக்கு ஐ.லிங்க் என்று பெயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயரில் எடுத்தால் எண்கள் அனலாக்காக மாறி, மறுபடி எண்களாகும்; கூர்மை குறைந்துவிடும். அக்காலக் கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி துளை புகைப்படங்களுக்கும் மங்கலான சிறு வீடியோவுக்கும் மட்டுமே. ஸ்டுடியோவில் கொடுப்பவர்கள், எந்த ஒயரில் எடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே செய்வதானால், டெஸ்க்டாப்பில் ஒரு ஃபயர்வயர் கார்டைப் பொருத்தலாம். ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் ஃபயர்வயர் என்று மலிவாக விற்கும் சாதாரண ஒயர்கள் இதற்கு உதவாது. விண்டோஸில் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் என்டிஎஃப்எஸ் டிஸ்க் நல்லது.

படத்தில் கட்டம் கட்டமாகச் சிதறல் தெரிந்தால் பதறவேண்டாம். பெரும்பாலும் கேமராவின் காந்த முனைகளில் படிந்த அழுக்குதான் காரணம்; கிளீனிங் கேசட்டைச் சில விநாடிகள் ஓட்டிப் பாருங்கள். முடிந்தவரை படம் எடுத்த அதே கேமராவில் ஓட்டுங்கள். அது எழுதிய தடங்களை அதுவே நன்றாகப் படிக்கும்.

கணினிக்கு வந்த டிவி (DV) கோப்பை அப்படியே இரண்டு டிஸ்க்குகளில் வையுங்கள். உறவினருக்கு அனுப்ப எம்பி4 நகல் போதும். நாடாவை ஓட்டும் கேமராக்கள் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. உங்கள் கேமரா ஓடுகிறது என்றால் இந்த விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.