மூன்றெழுத்துச் சொற்களைப் படித்தவர்: ஹர் கோவிந்த் கொரானா

ஹர் கோவிந்த் கொரானா என்று சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். 2020-இல் நம்மை வீட்டுக்குள் பூட்டி வைத்த கிருமியின் பெயர் போலவே இருக்கிறதல்லவா? அந்தக் கிருமிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதைக் கண்டறிய மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே பி.சி.ஆர். சோதனை, அதற்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

பஞ்சாபில் ராய்ப்பூர் என்றொரு சிற்றூர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. சுமார் 100 பேர் வாழ்ந்த அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக இவருடையது மட்டும்தான். தந்தை நிலவரிக் கணக்கு எழுதும் பட்வாரி, நம் பக்கத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி. வசதி இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் படிப்பில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து பேரில் கடைசிப் பிள்ளை கொரானா. பிறந்த தேதி 1922 ஜனவரி 9 என்கின்றன ஆவணங்கள். அது சரிதானா என்பது உறுதியில்லை. (பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ ஒரு தேதியைச் சொல்லி வைப்பது நமக்கும் புதிதல்ல.)

முல்தானில் பள்ளி, லாகூரில் எம்.எஸ்சி. 1945-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று, லிவர்பூலில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குள் நாடு பிரிந்துவிட்டது. 1949-இல் இந்தியா திரும்பியவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. மீண்டும் கேம்பிரிட்ஜ், 1952-இல் கனடாவின் வான்கூவர், 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். பெரிய வேலை நடந்தது அங்கேதான்.

இன்சுலின், ரத்தத்தின் ஹீமோகுளோபின் எல்லாமே புரதங்கள். 20 வகை அமினோ அமிலங்களை மணிகள் போல வரிசையாகக் கோத்து உடல் இவற்றைச் செய்கிறது. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதன் நகலான ஆர்.என்.ஏ.வில் ஏ, யு, ஜி, சி என நான்கே எழுத்துகள். நான்கு எழுத்தால் இருபது மணிகளை எப்படிக் குறிப்பது?

1961-இல் நிரன்பர்க், மத்தாய் இருவரும் வெறும் 'யு' மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ.வைக் கொடுத்து, ஒரே வகை அமினோ அமிலம் கோக்கப்படுவதைக் கண்டார்கள். கொரானா ஒரு படி மேலே போனார். தமக்கு வேண்டிய எழுத்து வரிசையைத் தாமே வேதியியல் முறையில் எழுதத் தொடங்கினார். 'யுசியுசியுசி' என்று எழுதிக் கொடுத்தபோது செரின், லூசின், செரின், லூசின் என்று மாறி மாறி வந்தது. மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: யுசியு, சியுசி. இரண்டே சொற்கள்தாம் மாறி மாறி வருகின்றன!

'ஏஏஜி' என்பதைத் திரும்பத் திரும்ப எழுதியபோது மூன்று வெவ்வேறு சங்கிலிகள் கிடைத்தன: முழுக்க லைசின், முழுக்க ஆர்ஜினின், முழுக்க குளூட்டாமிக் அமிலம். பழைய ஓலைச்சுவடி போல இந்த எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எந்த எழுத்தில் படிக்கத் தொடங்குகிறோமோ, அதற்கேற்பச் சொல் மாறிவிடுகிறது.

இப்படி 1966-க்குள் 64 மூன்றெழுத்துச் சொற்களின் பொருளும் விளங்கியது. 61 அமினோ அமிலங்களுக்கு. மூன்று 'இங்கே நிறுத்து' என்பதற்கு. 1968-இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று மருத்துவர்கள் மரபணு அறிக்கையைப் படிப்பது இந்த அட்டவணையை வைத்துத்தான். ஹீமோகுளோபினில் 'ஜிஏஜி' இருக்கவேண்டிய ஓரிடத்தில் 'ஜியுஜி' வந்துவிட்டால் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் அமர்ந்துகொள்ளும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த எழுத்துப் பிழை பிள்ளைக்கு வந்தால் ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து, வாழ்நாள் முழுதும் துன்பம் தருகின்றன. ஒரே ஓர் எழுத்துதான்.

பரிசு வாங்கியபின் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1970-இல் 77 எழுத்து நீளமுள்ள முழு மரபணு ஒன்றையே ஆய்வகத்தில் செய்து காட்டினார். 1976-இல் உயிருள்ள பாக்டீரியாவுக்குள் வேலை செய்யும் செயற்கை மரபணுவும் வந்தது.

இனி அந்த மூக்குக் குச்சிக்கு வருவோம். பி.சி.ஆர். சோதனைக்கு, கிருமியின் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டுகள் வேண்டும். அவற்றை வேண்டிய வரிசையில் எழுதித் தரும் கலையில் முன்னோடி கொரானா. அந்தச் சோதனையின் அடிப்படை யோசனையையும் 1971-லேயே அவரது குழுவினர் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். அதைச் செயல்முறையாக்கி நோபல் வாங்கியவர், பின்னால் வந்த கேரி முல்லிஸ்.

கொரானாவோ அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தார். எம்.ஐ.டி.யில் இருந்த பிற்காலத்தில், கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்சின் என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 2011 நவம்பர் 9 அன்று மாசசூசெட்ஸில் காலமானார்.