மெதுவாகப் பறந்து உயிர் காத்த ‘வால்ரஸ்’

விமானப் பராமரிப்புத் துறையில் படிக்கும் எனக்கு ‘ஸ்பிட்ஃபயர்’ போர் விமானத்தின் மீது தனி மோகம். அதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செலைப் பற்றித் தேடியபோது, அவரது இன்னொரு விமானத்தின் படத்தைக் கண்டு சிரித்துவிட்டேன். படகின்மேல் இரண்டு அடுக்கு இறக்கைகளைப் பொருத்தியது போன்ற தோற்றம்! அதுதான் ‘சூப்பர்மரின் வால்ரஸ்’.

1933 ஜூன் 21-இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானம் தரையிலும் இறங்கும், நீரிலும் இறங்கும். அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 215 கிலோமீட்டர். ஸ்பிட்ஃபயரின் வேகத்தில் பாதிகூட இல்லை.

போர்க்கப்பல்களிலிருந்து ஏவப்பட்டு உளவு பார்ப்பதே இதன் முதல் வேலை. நமது வட்டாரக் கடலிலும் அது பறந்திருக்கிறது. 1941 டிசம்பர் 10-ஆம் தேதி காலை, ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலிலிருந்து ஒரு வால்ரஸ் குவாந்தான் பகுதியைப் பார்த்துவர அனுப்பப்பட்டது. அன்று நண்பகலைத் தாண்டியதும், அந்தக் கப்பலும் ‘ரிபல்ஸ்’ கப்பலும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கின.

ஆனால், வால்ரஸ் பெயர் வாங்கியது மீட்புப் பணியில்தான். 1940-இல் நடந்த வான்போரில், பாராசூட்டில் குதித்து உயிர் தப்பிய பிரிட்டிஷ் விமானிகள் பலர் ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் மாண்டனர். அவர்களைத் தேடி மீட்கப் போதிய ஏற்பாடு அப்போது இல்லை. மறு ஆண்டு பிரிட்டிஷ் விமானப்படை கடல் மீட்புப் பிரிவை அமைத்தது. விரைவில் வால்ரஸ் விமானங்களும் அந்தப் பணியில் இறங்கின.

நான் கேலி செய்த ஒவ்வொன்றுக்கும் அங்கே பயன் இருந்தது. மெதுவாகப் பறந்ததால் அலைகளுக்கிடையே தத்தளிப்பவரைத் தேட முடிந்தது. எஞ்சின் உயரத்தில் இருந்ததால் கடல்நீர் அதிகம் படவில்லை. புரொப்பெல்லர் பின்னோக்கி இருந்ததால் முன்பக்கத் திறப்பில் ஒருவர் நின்று வேலை செய்ய முடிந்தது.

ஆபத்துக்கும் குறைவில்லை. சக்கரங்களை மடக்க மறந்து நீரில் இறங்கினால் விமானம் கவிழ்ந்துவிடும். மீட்கப்பட்டவர்களின் பாரத்தாலோ அலையின் சீற்றத்தாலோ மேலெழ முடியாமல் போனால், படகைப் போலக் கடலிலேயே ஓட்டிக்கொண்டு கரை நோக்கி வருவார்கள். மீட்புப் படகுகள் நுழையத் தயங்கும் கண்ணிவெடிப் பகுதிகளிலும் இறங்கியிருக்கிறார்கள்.

மிட்செல் 1937-இல், தமது 42-ஆவது வயதில் காலமானார். ஸ்பிட்ஃபயர் போரிட்டதையும் அவர் காணவில்லை. சுடப்பட்டுக் கடலில் விழுந்த ஸ்பிட்ஃபயர் விமானிகளை வால்ரஸ் தூக்கி வந்ததையும் காணவில்லை.

அடுத்த தவணையில் எங்கள் குழு ஒரு வடிவமைப்புத் திட்டத்தைத் தொடங்குகிறது. “எவ்வளவு வேகம்?” என்பதுதான் வழக்கமாக என் முதல் கேள்வி. இம்முறை, “இது யாருக்கு உதவப்போகிறது?” என்று முதலில் கேட்கப்போகிறேன்.