பின்பனியும் சிறுமூட்டையும்

இளவேனில் என்றதும் மாந்தளிரும் குயிற்குரலும் தென்றலும் நம் நெஞ்சில் வந்து நிற்கும். ஐரோப்பியர் தம் மாரிக்காலத்தை அடுத்து வரும் பருவத்தைக் குறிக்க வழங்கும் சொல்லை நாம் இளவேனில் என்றும் வசந்தம் என்றும் மொழிபெயர்த்துக் கொள்கின்றோம். அப்பருவம் மார்ச்சு முதலாந் தேதி தொடங்கும் என்பர் வானிலை நூலார். நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரியவை. மார்ச்சு மாதமும் ஏப்பிரிலின் முற்பாதியும் அவ்வெல்லைக்குள் அடங்குவன. ஆதலின், அல்ப்ஸ் மலைநாட்டின் தொடக்க வசந்தத்தைப் பின்பனி என்பதே காலத்தாலும் பொருளாலும் பொருத்தமாம். இளவேனில் என்று நம்பிச் செல்வோன் மெல்லாடையோடு செல்வான்; குளிருக்கு அஞ்சிச் செல்வோன் வீட்டையே பெட்டியில் அடைத்துச் செல்வான். இருவரும் இடர்ப்படுவர்.

அவ்விடருக்குக் காரணம் மூன்று. முதலாவது உயரம். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை சராசரி ஆறரைச் செல்சியசுப் பாகை குறையும். சுவிற்சர்லாந்திலுள்ள செர்மற் என்னும் ஊர் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் உள்ளது. 1898ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மலைப் புகையிரதம் அவ்வூரிலிருந்து அரைமணிக்குச் சிறிது கூடுதலான நேரத்தில் 3,089 மீற்றர் உயரமுள்ள கோர்னர்கிராற் என்னும் இடத்தை அடைகின்றது. ஊரில் வெண்பனி உருகித் தெருவில் நீராய் ஓடும் வேளையில், உச்சியில் நீர் உறைந்து கிடத்தல் கூடும்.

இரண்டாவது காற்று. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறுகையில் மழையைச் சொரிந்துவிட்டு, வடபுறப் பள்ளத்தாக்குகளில் இறங்குகையில் அமுக்கத்தால் வெம்மையும் வறட்சியும் கொள்கின்றது. இதனைப் போன் காற்று என்பர். தென்மேற்குப் பருவக்காற்று நம் மலைநாட்டைக் கடந்து மட்டக்களப்புப் பக்கத்தில் அனலாய் இறங்கும் கச்சான் காற்றும் இவ்வினத்ததே. அல்ப்ஸில் இக்காற்றினால் சில மணி நேரத்துள் பத்துப் பாகைக்கு மேலும் வெப்பம் ஏறுவதுண்டு. அது தணிந்ததும் குளிர்காற்று புகும். காலையில் வெறுஞ்சட்டையோடு உலாவியவர் மாலையில் வெண்பனித் தூவலில் நடுங்குவர்.

மூன்றாவது வெயில். உயரத்தில் ஊதாக்கடந்த கதிர்களின் வலிமை மிகும். புதிதாய் விழுந்த வெண்பனியோ அக்கதிர்களில் பெரும்பங்கைத் திருப்பி முகத்தில் எறியும். குளிரில் நிற்பவனுக்கே கண் எரிதலும் தோல் கருகுதலும் நேர்வது இதனாலாம்.

இத்தகைய நிலத்தில் எதை உடுப்பது, எதைச் சுமப்பது என்னும் வினாவுக்கு மிகப் பழைய விடையொன்று 1991ஆம் ஆண்டு பனிக்கட்டியினின்று வெளிப்பட்டது. ஒஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையருகே, 3,210 மீற்றர் உயரத்தில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவனின் உடல் கிடைத்தது. ஏற்சி என அவனுக்குப் பெயரிட்டனர். இத்தாலியின் பொல்சானோ நகர அரும்பொருட்சாலையில் அவ்வுடலை இன்றும் காணலாம். ஆட்டுத்தோல் மேலாடை, வேறாய்க் கழற்றத்தக்க காலுறை, கரடித்தோற் குல்லாய், உலர்ந்த புல் திணித்த பாதணி ஆகியவை அவன் உடைகள். பூர்ச்சமரப் பட்டையாற் செய்த கலத்தில், பச்சிலையிற் பொதிந்து தணற்கரி கொண்டு சென்றான். இடுப்புப் பையில் சிறு கற்கருவிகளும் தீமூட்டுங் காளானும் இருந்தன. வீணானதொரு பொருளை அவன் சுமந்ததாகத் தெரியவில்லை. அவனைக் கொன்றது குளிரன்று. பகைவன் எய்த அம்பின் முனை தோளிற் புதைந்திருந்தமை 2001ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

இன்றைய மலைவாணர் கூறும் விதியும் அவன் உடையிற் கண்டதே: கனத்த ஓர் உடை வேண்டா, மெல்லிய பல உடைகள் வேண்டும். உடலைக் காப்பது துணியன்று, துணிகளின் இடையே அடைபட்ட காற்றே. கனத்த மேலங்கியோடு மேடேறுபவன் வியர்ப்பான். நின்றவுடன் அவ்வியர்வையே அவனைக் குளிர்விக்கும். பல உடை உடுத்தவன் ஏறும்போது ஒன்றைக் களைவான், நிற்கும்போது அதனை அணிவான். நமக்குப் பழகிய பருத்தி அங்கே உதவாது. அது நனைந்தால் எளிதில் உலராது. கம்பளியோ தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஏற்றும் நனைந்ததாய்த் தோன்றாது.

ஆகவே, ஒரு கிழமைப் பயணத்துக்கு மெல்லிய கம்பளி உட்சட்டை இரண்டு, தடித்த கம்பளிச் சட்டை ஒன்று, காற்றும் மழையும் புகாத தலைமூடியுள்ள மேற்சட்டை ஒன்று, காற்சட்டை இரண்டு, காலுறை மூன்று சோடி, குல்லாய், கையுறை, கறுப்புக் கண்ணாடி, நீர் புகாத சப்பாத்து ஆகியவை போதியன. மாலையில் துவைத்தால் மெல்லிய கம்பளி பெரும்பாலும் விடியுமுன் உலரும். உடுத்தவை போக எஞ்சியவை ஏழெட்டுக் கிலோவுக்குள் அடங்கும். ஈழத்தமிழர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்தில் வாழும் இந்நாளில், பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லும் முதியோர் இதனை மனங்கொள்வது நன்று. வீடுகளெல்லாம் உள்ளே வெப்பமூட்டப்பட்டவை. கனத்த அங்கி வேண்டுமாயின் மகன் வீட்டு அலுமாரியில் ஒன்று தொங்கும். ஈரத் தெருவில் வழுக்காத சப்பாத்து ஒன்றே அவர்கள் விலை பாராது வாங்கத்தக்கது.

மூட்டையிற் கொள்ளாத ஒன்று எஞ்சியுள்ளது. வசந்த வெயில் ஏறுந்தோறும் மலைச்சரிவின் பனி இளகும். காலையில் கல்லாய் இருந்த பாதை நண்பகலில் காலை விழுங்கும். சரிவு முழுதுமே பெயர்ந்து வருதலும் உண்டு. தாவோஸ் நகரிலுள்ள பனியாராய்ச்சி நிலையம் பனிச்சரிவின் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கின்றது. அதனையும் வானிலை அறிக்கையையும் பாராது மலையேறுதல் அறிவுடைமையன்று. முகில் திரண்டால், எவ்வளவு தூரம் வந்திருப்பினும் திரும்பிவிடல் வேண்டும். சிறுமூட்டைக்காரனுக்கு அஃது எளிது. கால் ஓயுமுன் அவன் ஊர் வந்து சேர்வான்.