ஒரு நாட்டு விசாவில் இன்னொரு நாட்டுக்குப் போகலாமா? ஐரோப்பியப் பயணம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நவம்பரில் நடக்கும் 'யூரோடியர்' கண்காட்சி புதிதல்ல. பள்ளிபாளையம், குமாரபாளையம் ஜவுளிக்காரர்களுக்கு ஜனவரி பிறந்தால் பிராங்ஃபர்ட் 'ஹைம்டெக்ஸ்டில்'. இவர்களோடு மகளின் பிரசவத்துக்குப் புறப்படும் அம்மாக்களும், ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளும், டிரைவர் வேலை என்று கேள்விப்பட்டு பாஸ்போர்ட் எடுக்கும் இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள் இவை.

ஜெர்மனி கொடுத்த விசா கையில் இருக்கிறது. அதை வைத்து பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகலாமா?

போகலாம். 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. இவற்றில் ஒரு நாடு கொடுத்த, குறுகிய காலம் தங்குவதற்கான 'சி' வகை விசா மற்ற 28 நாடுகளிலும் செல்லும். ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்று என்று நினைப்பதால்தான் குழப்பமே. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை.

விசா வந்ததும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அதைப் படிப்பதில்லை. மேல் வரியில் எந்த நாடுகளுக்குச் செல்லும் என்பது. அடுத்து எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. அதன் கீழே விசா வகை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை என்று போட்டு, தங்கும் நாள் 25 என்று இருந்தால் 25 நாள்தான். நாற்பது நாள் கிடைத்துவிட்டது என்று டிக்கெட்டைத் தள்ளிப் போட்டவர்கள் திரும்பும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள். இறங்கும் நாளும் ஏறும் நாளும் இந்தக் கணக்கில் சேரும்.

நுழைவு '01' என்று இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். நடுவில் இரண்டு நாள் லண்டன் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும். திரும்பி பிராங்ஃபர்ட்டுக்கு வந்து ஊருக்கு விமானம் ஏற அந்த விசா உதவாது.

ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனையே கிடையாது என்பதும் இப்போது முழு உண்மை இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் தற்காலிகச் சோதனை வைத்திருக்கிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ பக்கத்து நாட்டுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நெதர்லாந்தில் கோழிப்பண்ணைக் கண்காட்சி, பெல்ஜியத்தில் இன்குபேட்டர் ஆலை, அப்படியே சுவிட்சர்லாந்து. எந்த நாட்டில் விண்ணப்பிப்பது?

எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே இருக்கிறதோ, அந்த நாட்டில். எதையும் பிரித்துச் சொல்ல முடியாமல் நாள்களும் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டில். கண்காட்சிக்கு என்று அழைப்புக் கடிதம் வாங்கிவிட்டு, சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது என்பதற்காக வேறு நாட்டில் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது நிராகரிப்புக்கு நாமே எழுதிக் கொடுக்கும் காரணம். நெதர்லாந்து விசாவில் பாரிஸ் வழியாக இறங்குவது தவறில்லை. நெதர்லாந்துக்குப் போகாமலேயே திரும்புவதுதான் தவறு.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

எனக்குப் பண்ணை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. ஆனால் வருமானவரிக் கணக்கு கிடையாது. பேங்கில் எவ்வளவு காட்ட வேண்டும்?

இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். தூதரக அதிகாரி பார்ப்பது கணக்கில் உள்ள தொகையை மட்டும் இல்லை. இந்த மனிதருக்கு ஊரில் என்ன இருக்கிறது, எதற்காகத் திரும்பி வருவார் என்பதையும் பார்க்கிறார். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் சொசைட்டியில் நகைக்கடன் வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போட்டால், ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முட்டை வியாபாரியிடமிருந்து வாராவாரம் வந்து விழும் சின்னத் தொகைகள் அதைவிட நன்றாகப் பேசும்.

விவசாய வருமானத்துக்கு நம் நாட்டில் வருமானவரி இல்லை. இது ஐரோப்பிய அதிகாரிக்குத் தானாகத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது; முகப்புக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். கூடவே சிட்டா நகல், மரவள்ளியோ கரும்போ விற்ற ரசீது. நிலம் இன்னும் அப்பா பேரில், கூட்டுக் குடும்பம் என்றால் அதையும் அப்படியே எழுதலாம். மறைக்க அதில் ஒன்றுமில்லை. தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

பண்ணைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழி வளர்ப்பை நாம் விவசாயம் என்றுதான் பேசுகிறோம். வருமானவரிச் சட்டத்துக்கு அது தொழில் வருமானம். ஐம்பதாயிரம் கோழி வைத்திருப்பதாகக் கடிதத்தில் எழுதிவிட்டு, வருமானவரிக் கணக்கு இல்லை என்றால் கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு மருந்து கணக்குத் தாக்கல் செய்வதுதான், புரோக்கர் இல்லை.

'ஃபைல் கட்டித் தருகிறோம்' என்று ஓட்டல் புக்கிங் முதல் சம்பளச் சான்று வரை போலியாகச் செய்து கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசா தகவல் தொகுப்பு ஒன்று உண்டு. ஒரு நாட்டில் மாட்டினால் அந்த விவரம் மற்ற நாடுகளின் திரையிலும் தெரியும். கூலியை வாங்கிக்கொண்டவர் பெயர் அதில் இருக்காது. உங்கள் பெயர்தான் இருக்கும்.

விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கூடுதல் பணம் கட்டி பிரீமியம் லவுஞ்சில் கொடுத்தால் விசா உறுதியா?

இல்லை. நாற்காலி நன்றாக இருக்கும். முடிவெடுப்பது தூதரகம்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்?

நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள சிக்கல்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். விண்ணப்பம், காப்பீடு, டிக்கெட் மூன்றும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே எழுதப்பட வேண்டும். ஒற்றைப் பெயரை டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அடிக்கடி போகப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டிலேயே அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துக்கொள்வது நிம்மதி.

மகளுக்கு மியூனிக்கில் பிரசவம். ஐந்து மாதம் கூட இருக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் நெதர்லாந்து போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்குமா?

தொடங்காது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். மார்ச் 1-ல் இறங்கினால் மே 29-ல் 90 நாள் முடிகிறது. அன்றைக்குள் கிளம்பிவிட வேண்டும். அடுத்து முழுசாக 90 நாள் தங்கும்படி நுழைய ஆகஸ்ட் 28 ஆகிவிடும். அதற்கும் செல்லும் விசா வேண்டும். ஆகவே பிரசவத்துக்கு எத்தனை நாள் முன்னால் போவது என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வளைகாப்பு முடிந்த கையோடு போனால், குழந்தை பிறந்து எல்லோருக்கும் ஆள் தேவைப்படும்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள். சம்பந்தியம்மாவும் நீங்களும் முறை வைத்துப் போவதுதான் பல குடும்பங்கள் கண்ட வழி.

செலவை மகளோ மருமகனோ ஏற்பதானால் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் 29 யூரோ. அதன் அசல் இங்கே வர வேண்டும். மொபைலில் வந்த படம் போதாது. உங்களிடம் மகளின் பிறப்புச் சான்று இல்லையென்றால் கலங்க வேண்டாம். அவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் இருக்கும், அந்த நகலையும் வையுங்கள்.

ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 ஏப்ரல் 18-ல் இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு விசாவும், அதற்குப் பின் ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்கலாம். அப்போதும் 90 நாள் கணக்கு மாறாது.

மகன் ஜெர்மனியில் படிக்கிறான். லீவில் பிரான்ஸும் லண்டனும் போக விசா வேண்டுமா?

ஜெர்மனி கொடுத்த குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் பிரான்ஸ் உட்பட மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா தேவையில்லை. அங்கும் 180 நாளில் 90 நாள் வரம்பு. லண்டனுக்கு பிரிட்டன் விசா தனியாக வாங்க வேண்டும். அயர்லாந்துக்கும் அப்படியே.

போலந்தில் லாரி டிரைவர் வேலை. விசிட்டர் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரியா?

சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஸ்டியரிங் பிடித்துக் கை பழகியவர்களைக் குறிவைத்துச் சொல்லப்படும் பொய் இது. விசிட்டர் விசாவில் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. வேலைக்கு வேலை அனுமதியும் 'டி' வகை தேசிய விசாவும் இங்கிருந்தே வாங்கிப் போக வேண்டும். அங்கே கனரக வாகனம் ஓட்ட, ஐரோப்பிய உரிமத்தோடு 'கோட் 95' எனப்படும் தொழில்முறைத் தகுதியும் கட்டாயம். அதற்குப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. ஆர்டிஓ அலுவலகம் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுற்றுலாப் போனவர் வாடகைக் கார் ஓட்டத்தான் ஆகும். 20 டன் லாரிக்கு ஆகாது. ஓசூர் செக்போஸ்ட்டைத் தாண்டுவது போல எல்லைகளைத் தாண்டிக்கொண்டே போகலாம் என்று ஆசை காட்டுகிறவர் இந்த 'கோட் 95' பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாரா என்று பாருங்கள்.

ஆள் அனுப்பும் நிறுவனம் மத்திய அரசிடம் பதிவு பெற்றதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுவும் ரசீதோடு. ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசியுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. நிலத்தை அடகு வைப்பதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் உண்டு.

இனி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்களாமே?

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகமும் கைரேகையும் பதிவாகும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரைக்குப் பதில் இந்தப் பதிவு. கூடுதல் நாள் தங்கியதைக் கம்ப்யூட்டரே கணக்கிடும் என்பதால், மங்கிய முத்திரையைக் காட்டித் தப்பிய காலம் போய்விட்டது. விசா இருந்தாலும் எல்லையில் திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், காப்பீடு, கைச்செலவுப் பணம் ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றின் காகித நகல் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாதீர்கள்.

விசா மறுத்துவிட்டார்கள். மறுபடி எப்போது போடலாம்?

எப்போது வேண்டுமானாலும். 2024-ல் இந்தியாவில் 11 லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 1.65 லட்சம் நிராகரிக்கப்பட்டன. மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணத்துக்கு நேரே குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் அதே காகிதங்களை மறுபடி கொடுப்பது வீண் செலவு. ஜெர்மனி முன்பு அனுமதித்த, தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புது விண்ணப்பம், இல்லையென்றால் ஜெர்மனியில் வழக்கு.

பேரனுக்கு சேலத்து மாம்பழமும் நெய்யும் கொண்டு போகலாமா?

கூடாது. நெய் பால்பொருள், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. பழங்களுக்கும் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழத்துக்கு இல்லை, பழ ஈ காரணமாக 2014-ல் இந்திய மாம்பழ இறக்குமதியையே அவர்கள் நிறுத்தி, அடுத்த ஆண்டுதான் விட்டார்கள். மாங்காய் ஊறுகாய், மிளகாய்த்தூள், சத்துமாவு தாராளமாகப் போகும். மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ தெரியாது, ஆனால் கருவாட்டுக்கும் தடை இல்லை: ஒருவருக்கு 20 கிலோ வரை.