துப்பாக்கியை சுத்தம் செஞ்சு மாட்டினதும் ஸ்லைடு இறுகுதா? பலம் போட்டு இழுக்காதீங்க... காரணம் இதுதான்!

தேர்தல் அறிவிப்பு வந்தாலே, உரிமம் பெற்று துப்பாக்கி வைத்திருப்பவர்களை அதை போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். முடிவுகள் வந்த பிறகுதான் துப்பாக்கி கைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் சும்மா கிடந்த துப்பாக்கியாச்சே என்று பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு மறுபடி மாட்டுவார்கள். அப்போதுதான் பிரச்னை. மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் வராது, அல்லது பாதியில் நின்றுவிடும்.

இது ஏன் நடக்குது? எதை நாமே சரி பார்க்கலாம்? எங்கே நிறுத்திக்கணும்?

முதல்ல இதைப் பண்ணுங்க

விரல் ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. துப்பாக்கி முனை ஆள் இல்லாத, குண்டு துளைக்காத திசையைப் பார்த்து இருக்கணும். மேகசினை கழற்றி, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிடுங்க.

மேகசினை எடுத்துட்டா துப்பாக்கி காலின்னு பலர் நினைக்கிறாங்க. அது தப்பு. பேரலின் பின்பக்கம் இருக்கும் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். அதைப் பார்க்க ஸ்லைடைத் திறக்கணும். ஸ்லைடே திறக்கலைன்னா? உள்ளே தோட்டா இருக்குன்னுதான் எடுத்துக்கணும். அதனால்தான் இறுகிய ஸ்லைடை சாதாரண இயந்திரக் கோளாறு மாதிரி கையாளக் கூடாது.

சின்ன துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு இறுக்கம்?

இந்தியாவில் 9 எம்.எம். தோட்டா தடை செய்யப்பட்ட ரகத்தில் வருது. அதனால் பொதுமக்கள் உரிமத்தில் வைத்திருக்கும் செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிகளில் .32 ரகம்தான் அதிகம். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தயாரித்த 1900 மாடல் துப்பாக்கியோடு பிரபலமான தோட்டா இது.

பெரிய தோட்டா சுடும் துப்பாக்கிகள் பலவற்றில், சுடும் நொடியில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். .32 துப்பாக்கிகளில் பெரும்பாலும் அந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கணும். அதனால் ஸ்பிரிங் கெட்டியாகத்தான் இருக்கும். துப்பாக்கி சின்னது, இழுக்கிறதுக்குக் கஷ்டம் என்பது இந்த ரகத்தின் இயல்பு.

ஆகவே முதல் கேள்வி: இது எப்போதும் இருக்கும் இறுக்கமா, சுத்தம் செய்த பிறகு புதுசா வந்ததா? புதுசுன்னா, ஸ்லைடு எந்த இடத்தில் மாட்டுதுன்னு கவனிங்க. பாதி விடை அதிலேயே கிடைச்சிடும்.

ஆரம்பத்திலேயே அசையலையா?

சில மாடல்களில் சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். மாட்டும்போது கை பட்டு சேஃப்டி ஏறியிருக்கலாம். பிரிக்கும்போது திருப்பிய லீவர் பழைய நிலைக்கு வந்ததான்னும் பாருங்க. சுத்தியல் உள்ள துப்பாக்கிகளில், அது கீழே இறங்கியிருந்தால் ஸ்லைடு அதையும் சேர்த்துத் தள்ளிப் பின்னால் போகணும். முதல் இழுப்பு கனமாக இருக்க இதுவும் காரணம்.

முழுத் தூரமும் கனமா இருக்கா?

ஸ்லைடு ஓடும் தண்டவாளம் போன்ற பள்ளங்களைப் பாருங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுக் கழுவினால் பழைய எண்ணெய்ப் பசை மொத்தமும் போயிடும். பிறகு எண்ணெய் போடாமல் மாட்டினால் இரும்பும் இரும்பும் உரசும்.

இன்னொரு பக்கம், வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைத் தடவுறவங்க உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாகும் அதே எண்ணெய்தான் ஸ்லைடுக்குள்ளும் கட்டியாகும். நாளானால் பிசினாகி தூசியையும் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சொட்டு போதும்.

திருப்பூர் பக்கம் துடைக்க முதலில் கையில் கிடைப்பது பனியன் வேஸ்ட். அதில் இருந்து உதிரும் பஞ்சு, எண்ணெயோடு சேர்ந்து ஸ்பிரிங்கிலும் பள்ளத்திலும் சிக்கும். ஓவர்லாக் மெஷினில் பஞ்சு அடைத்தால் என்ன ஆகும்னு இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூல் உதிராத துணியே துடைக்க நல்லது.

ஒரே இடத்தில் தட்டுதா?

அப்படின்னா ஸ்பிரிங் மேல சந்தேகப்படலாம். சில மாடல்களில் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். எந்த முனை எந்தப் பக்கம் என்பது முக்கியம். மாற்றிப் போட்டாலும், ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பி சரியாக உட்காராவிட்டாலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுக்கும். கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

பின்னால் வந்துட்டு, முன்னால் முழுசா போகலைன்னா? பேரல் சரியாக உட்காரலை, அல்லது சேம்பரில் அழுக்கு இருக்கு.

இதில் எதுவானாலும் மருந்து ஒன்றுதான். மறுபடி பிரிச்சு, அந்த மாடலின் கையேட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாகமாக மாட்டணும். ஸ்லைடு திறக்கவே மறுத்தால் சுத்தியலால் தட்டுவதும், ஸ்குரூடிரைவரால் நெம்புவதும் கூடவே கூடாது. அங்கேயே நிறுத்திடுங்க.

பக்கத்து பட்டறையில் கொடுக்கலாமா?

அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் போன ஊர். பாலிஷ் போட, ராவ, தட்டி நிமிர்த்த கைதேர்ந்தவர்கள் அங்கே இருக்காங்க. ‘லேசா தேய்ச்சு விட்டா ஸ்லைடு ஓடிடும்’ என்ற யோசனை யாருக்கும் வரலாம். ஆனால் அதில் மாட்டப்போவது அந்தத் தொழிலாளி.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி, துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேணும். 2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறினால் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். தெரிஞ்சவர் கேட்டார்னு பத்து நிமிஷம் தேய்ச்சுக் கொடுத்ததுக்கு வரக்கூடிய தண்டனை இது.

தொழில்நுட்பரீதியாகவும் இது ஆபத்து. தேய்த்த இரும்பு திரும்ப வராது. பள்ளம் தளர்ந்தாலோ, ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்தாலோ, ஸ்லைடு லேசாக ஓடும். ஆனால் சுடும்போது அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பலம் குறைந்துவிடும்.

சரியாயிடுச்சான்னு சுட்டுப் பார்க்கலாமா?

வீட்டிலோ தோட்டத்திலோ வேண்டாம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும் வகையில் அஜாக்கிரதையாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க அதே 2019 திருத்தம் வழி செய்கிறது.

மேகசின் இல்லாமல், சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்த பிறகு, ஸ்லைடை நாலைந்து முறை மெதுவாக இழுத்து விடுங்க. எங்கும் தட்டாமல் போய் வந்தால் சரி. இல்லைன்னா, பழுது பார்க்கும் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கு, உறையில் வைத்து, உரிமத்தோடு எடுத்துட்டுப் போங்க. தோட்டா உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வண்டியில் எடுத்துட்டுக் கிளம்பாதீங்க. முதலில் கடைக்காரருக்கோ, உங்க பகுதி போலீஸ் நிலையத்துக்கோ போன் பண்ணி, அவங்க சொல்றபடி செய்யுங்க.