ஒரு மனு, ஒரு வீதி: சிகாகோ நகரம் எழுந்த கதை

1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி இரவு அமெரிக்காவின் சிகாகோ நகரில் தீப்பிடித்தது. அது அணைவதற்குள் 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். சுமார் ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். நீதிமன்றமும் நகர அலுவலகமும் இயங்கிய கட்டடமும் எரிந்து போனது. மாநகர மன்றத்தின் பழைய கோப்புகளும் அதனுடன் சாம்பலாகிவிட்டன என்றே நூறு ஆண்டுகளுக்கு மேலாக வரலாற்று ஆய்வாளர்கள் நம்பி வந்தார்கள்.

1983இல் அந்த நம்பிக்கை பொய்த்தது. நகருக்குச் சொந்தமான ஒரு கிடங்கில், 1833 முதல் 1871 வரையிலான சுமார் 35,000 ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. மாநில ஆவணக் காப்பகம் அவற்றை வரிசைப்படுத்திப் பட்டியலிட்டது.

அந்தக் காகிதங்களில் போர் இல்லை. மாபெரும் தலைவர்களின் வீர உரைகளும் இல்லை. எங்கள் வீதியில் நடைபாதை போட வேண்டும் என்ற மனு, வேண்டாம் என்ற எதிர்ப்பு மனு, தெருவிளக்கு கேட்ட விண்ணப்பம், மதுக்கடை உரிமம், கழிவுநீர்க் குழாய் பற்றிய அறிக்கை, குழுக்களின் பரிந்துரை, தேர்தல் முடிவு என அன்றாட அலுவல்களே நிறைந்திருந்தன. படிக்கச் சலிப்பாகத் தோன்றலாம். ஆனால், ஒரு நகரம் எப்படி உருவாகிறது, அதில் யாருடைய குரல் கேட்கிறது, யாருடைய குரல் கேட்காமல் போகிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்றுகள் குறைவு.

சேற்றில் பிறந்த நகரம்

சிகாகோ 1833இல் சிற்றூராகவும் 1837இல் நகரமாகவும் பதிவு பெற்றது. முதல் மேயர் வில்லியம் ஓக்டன். 1840இல் மக்கள்தொகை 4,470. 1850இல் அது 29,963 ஆனது. 1870இல் 298,977ஐத் தொட்டது. முப்பதே ஆண்டுகளில் ஏறக்குறைய 67 மடங்கு வளர்ச்சி!

மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த அந்நகரின் நிலம், ஏரி நீரின் மட்டத்தைவிடச் சற்றே உயரமானது. மழை பெய்தால் நீர் வடிய வழியில்லை. வண்டிச் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. வீதிகளில் மரப்பலகைகளைப் பரப்பிப் பார்த்தார்கள். சேறு பலகைகளின் இடுக்கில் பீறிட்டு வந்தது. ஆகவே, மாநகர மன்றத்தின் மேசைக்கு வந்த வேலைகளில் பெரும்பகுதி வீதி, நடைபாதை, வடிகால் ஆகியவற்றைப் பற்றியதே.

கேட்டவர் பணம் கட்ட வேண்டும்

ஒரு வீதிக்குத் தளம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்று நகராண்மைக் கழகம் மதிப்பீட்டு வரியிலிருந்து செலவு செய்யும். அன்றைய சிகாகோவில் வழக்கம் வேறு. அந்த வீதியில் நிலம் வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டு மன்றத்திற்கு மனு கொடுப்பார்கள். மனு கூட்டத்தில் வைக்கப்பட்டு, வீதிகளுக்கான குழுவுக்கு அனுப்பப்படும். குழு பார்த்து அறிக்கை தரும். மன்றம் ஒப்புக்கொண்டால், இந்த வேலையால் யாருடைய நிலத்திற்கு எவ்வளவு நன்மை என்று கணக்கிட ஆணையர்கள் நியமிக்கப்படுவார்கள். அந்தக் கணக்கின்படி, அந்த வீதியின் நில உரிமையாளர்களே செலவைப் பங்கிட்டுக் கட்டுவார்கள். தெருவிளக்குக் கம்பத்திற்கும் இதே போன்ற முறைதான்.

இதில் ஒரு நியாயம் இருந்தது. பயன் பெறுபவர் பணம் கட்டுகிறார். பயன் பெறாதவர் தலையில் சுமை ஏறுவதில்லை. பணம் கட்டுபவருக்குத் தம் வீதியின் வேலையில் சொல்லும் இருந்தது. பிடிக்காதவர்கள் எதிர்ப்பு மனு கொடுத்து வேலையை நிறுத்தவும் முடிந்தது.

ஆனால், இந்த முறையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபின் ஐன்ஹார்ன் அதன் மறுபக்கத்தையும் எடுத்துக்காட்டுகிறார். நிலம் உள்ளவருக்கு மட்டுமே அங்கு பேச்சு. வாடகை வீட்டில் வாழ்ந்த தொழிலாளி வரி கட்டவில்லை. ஆகவே அவர் வீதியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. செல்வர்கள் வாழ்ந்த வீதிகளுக்குத் தளமும் விளக்கும் வந்தன. ஏழைகள் வாழ்ந்த வீதிகள் சேறாகவே கிடந்தன. யாரும் சதி செய்து அப்படி ஆக்க வேண்டியிருக்கவில்லை. விதிமுறையே அந்த வேலையைச் செய்து முடித்தது.

நோய் வந்தபோது மாறிய கணக்கு

வீதி வீதியாகக் கணக்குப் பார்க்கும் முறை ஓரிடத்தில் முட்டிக்கொண்டது. 1849இலும் 1854இலும் சிகாகோவைக் காலரா தாக்கியது. கழிவுநீர் தேங்கிய நகரில் பணக்காரர் வீதி, ஏழை வீதி என்று நோய் பார்ப்பதில்லை. தன் வீதியை மட்டும் சுத்தமாக்கிக்கொண்டு ஒருவர் தப்ப முடியாது.

1855இல் கழிவுநீருக்கென ஒரு தனி வாரியம் அமைக்கப்பட்டது. போஸ்டன் நகரிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளர் வரவழைக்கப்பட்டார். முழு நகருக்கும் ஒரே கழிவுநீர்த் திட்டத்தை அவர் வகுத்தார். அமெரிக்காவில் அவ்வாறு அமைந்த முதல் திட்டமாக அது கருதப்படுகிறது.

குழாயில் நீர் ஓடச் சரிவு வேண்டும். நிலமோ தட்டையானது, ஆழமாகத் தோண்டினால் ஏரி மட்டத்திற்குக் கீழே போய்விடும். செஸ்பரோ சொன்ன வழி எளிமையானது, ஆனால் துணிச்சலானது: குழாய்களை வீதியின் மேலேயே பதித்து, மேலே மண்ணைக் கொட்டி வீதியையே உயர்த்திவிடுவது! வீதி உயர்ந்ததும் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. அவற்றைத் தூக்குவது உரிமையாளர்களின் பொறுப்பானது.

1860இல் லேக் ஸ்திரீட் என்ற வணிக வீதியில் நடந்தது இன்றும் வியப்பூட்டும். சுமார் 320 அடி நீளத்திற்கு ஒட்டி நின்ற செங்கல் கட்டட வரிசையின் அடியில் ஏறக்குறைய 6,000 ஜாக்கிகள் வைக்கப்பட்டன. சுமார் 600 தொழிலாளர்கள் அவற்றை ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருகினார்கள். ஐந்து நாள்களில் அந்த வரிசை முழுவதும் 4 அடி 8 அங்குலம் உயர்ந்தது. மேலே கடைகளில் வியாபாரம் வழக்கம்போல் நடந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு கடை உயர்ந்திருக்கும். அடுத்த கடை தாழ்ந்திருக்கும். பல ஆண்டுகளுக்குச் சிகாகோ மக்கள் நடைபாதையில் படி ஏறி, படி இறங்கித்தான் நடந்தார்கள்.

கழிவுநீர்த் திட்டத்திலும் குறை இருந்தது. கழிவு ஆற்றில் கலந்தது. ஆறு ஏரியில் கலந்தது. அந்த ஏரியே குடிநீர். கரையிலிருந்து இரண்டு மைல் தொலைவுக்கு ஏரிக்கு அடியில் சுரங்கம் அமைத்து, 1867 முதல் அங்கிருந்து குடிநீர் எடுத்தார்கள். அதுவும் போதாமல், 1900இல் 28 மைல் நீளக் கால்வாய் திறக்கப்பட்டு, ஆறே எதிர்த்திசையில் திருப்பிவிடப்பட்டது.

ஓர் உரிமக் கட்டணம், ஒரு கலவரம்

மன்றத்தின் கோப்பில் ஓர் எண்ணை மாற்றுவது சின்ன விஷயமா? 1855இல் லீவை பூன் மேயரானார். அவருடைய காலத்தில் மதுக்கடைக்கான ஆண்டு உரிமக் கட்டணம் 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடும் சட்டமும் கண்டிப்பாக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒழுங்கு நடவடிக்கை. ஆனால், சிறிய கடைகளை நடத்திய ஜெர்மானியக் குடியேறிகளும் ஐரிஷ் குடியேறிகளும் தங்களைக் குறிவைத்த செயலாகவே அதைக் கண்டார்கள். கைதானவர்களின் வழக்கு நடந்த ஏப்ரல் 21ஆம் தேதி, கூட்டம் நீதிமன்றத்தை நோக்கித் திரண்டது. காவல்துறையுடன் மோதல் வெடித்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

அதன்பின் அவர்கள் தேர்ந்தெடுத்த ஆயுதம் வாக்குச்சீட்டு. அந்நாளில் மேயர் தேர்தல் ஆண்டுதோறும் நடந்தது. குடியேறிகள் வாக்களிக்கத் திரண்டார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பூனின் அணி பதவியை இழந்தது.

மண்ணுக்கு அடியில் ஒரு வீதி

வாக்குச்சீட்டே இல்லாதவர்கள் என்ன செய்வது? இதற்கு விடை சொன்னவர் ஜேன் ஆடம்ஸ். 1889இல் சிகாகோவின் 19ஆம் வட்டாரத்தில், இத்தாலியர், யூதர், ஐரிஷ் மக்கள் எனப் பல நாட்டு ஏழைக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில், ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தை அவர் தோழி எலன் ஸ்டாருடன் தொடங்கினார். மாநகர மன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அப்போது அங்கு பெண்களுக்கு இல்லை.

வட்டாரமெங்கும் குப்பை. வீதியோரம் பொருத்தப்பட்ட பெரிய மரப்பெட்டிகளில் அது நிரம்பி வழிந்தது. அவற்றைச் சுற்றியே குழந்தைகள் விளையாடினார்கள். ஹல் ஹவுஸ் பெண்கள் சந்து சந்தாக நடந்து, எங்கே என்ன விதி மீறப்படுகிறது என்று குறித்தார்கள். ஓர் ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மட்டும் அவர்கள் சுகாதாரத் துறைக்கு அனுப்பிய, சரிபார்க்கப்பட்ட புகார்கள் 1,037!

அப்படியும் நிலைமை போதிய அளவு மாறவில்லை. அடுத்த இளவேனிலில் குப்பை அள்ளும் குத்தகைக்கு ஆடம்ஸே விண்ணப்பித்தார். நடைமுறைக் காரணம் காட்டி அது தள்ளுபடியானது. ஆயினும் அந்தப் பரபரப்பால் 1895இல் மேயர் அவரையே வட்டாரக் குப்பைக் கண்காணிப்பாளராக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். அதிகாலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் சென்று, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்பதாக இருந்த வண்டிகள் பதின்மூன்றாகி, பிறகு பதினேழாயின.

ஒரு குறுகலான வீதியில் குப்பையை அகற்றிக்கொண்டே போனபோது, 18 அங்குல ஆழத்தில் கெட்டியான தளம் தென்பட்டது. அந்த வீதிக்கு என்றோ தளம் போடப்பட்டிருக்கிறது! அள்ளாத குப்பை அதை மூடிவிட்டிருந்தது. பிறகு நகர ஆவணங்களைத் தேடியபோது, அந்தத் தளம் போடப்பட்டதற்கான பதிவும் கிடைத்தது என்று ஆடம்ஸ் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1931இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மாணவர்களே, இந்தக் கதையில் வரும் நல்ல மாற்றங்கள் எதுவும் தானாக வந்துவிடவில்லை. யாரோ எழுதினார்கள், யாரோ கணக்கெடுத்தார்கள், பதில் வராதபோது மறுபடியும் எழுதினார்கள். நிலம் உள்ளவர்களின் மனுவுக்கு மட்டுமே வீதி கிடைத்த நகரில், நிலமும் வாக்கும் இல்லாதவர்களுக்காக 1,037 புகார்கள் எழுதப்பட்டன. அவை குப்பை வண்டிகளைக் கொண்டுவந்தன.

உங்கள் குடியிருப்பில் கால்வாய் அடைத்திருக்கலாம். பள்ளிக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியாமல் இருக்கலாம். வாக்களிக்கும் வயது வராவிட்டாலும் குறித்துக்கொள்ள உங்களால் முடியும். எந்த இடம், எந்த நாள் முதல், யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுதுங்கள். ஒரு படம் எடுங்கள். பெற்றோருடனோ ஆசிரியருடனோ சேர்ந்து நகராண்மைக் கழகத்திற்கு அனுப்புங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து என்ன நடந்தது என்று கேளுங்கள்.